கறுப்புத் திரைக்கு எந்த ஷெல்?

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் சிவகாசி, திருத்தங்கல் அச்சகக் கணினிகளில் டிசைன் ஃபைல்கள் குவியத் தொடங்கும். மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றும் வேலையை லினக்ஸ் டெர்மினல் ஒரே வரியில் முடித்துவிடும்.

புதுக் கணினி வேண்டாம். தமிழக அரசு 2011 முதல் கொடுத்த இலவச லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் உண்டு. பாஸ், டெபியன் லினக்ஸ் வழி வந்தது; டெர்மினலில் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல் அதிலேயே தயார்.

பழக ஏற்றது 1989-இல் வந்த இந்தப் பாஷ்தான். ஃபிஷ் என்ற இன்னொரு ஷெல், தட்டும்போதே பழைய கட்டளையை மங்கலாக எடுத்துக் காட்டும். சுகம்தான், ஆனால் பாஷுக்கு எழுதிய ஸ்கிரிப்ட் சில அதில் அடம்பிடிக்கும். ஆப்பிள் மேக்கில் 2019 முதல் இயல்பாக வருவது இசட்-ஷெல்.

லினக்ஸுக்கு மாறாமல், பழைய டாஸ் பில்லிங் மென்பொருளை விட மனமில்லாத கடைக்கு ஃப்ரீடாஸ் போதும். யூனிகோடு தமிழை மட்டும் அதில் எதிர்பார்க்கக் கூடாது.

பாஷில் கன்ட்ரோலையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, நினைவிருக்கும் இரண்டு எழுத்தைத் தட்டினால் முன்பு கொடுத்த கட்டளை வந்து நிற்கும். அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளையில் நட்சத்திரக் குறி போடுமுன், அதே குறியை ‘எல்எஸ்’ஸோடு தட்டிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்எம் அழித்த ஃபைல் குப்பைத்தொட்டிக்குப் போகாது.