இடுப்பில் ஒரு சின்னப் பிஸ்டல்: வாங்கிய பிறகுதான் வேலை

கடையில் கண்ணாடி மேசை மேல் எடுத்து வைக்கும்போது சின்னப் பிஸ்டலைப் பிடிக்காதவர் கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்குகிறது, சட்டைக்கு வெளியே தெரியாது, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றுகிறது. டெக்சஸில் புதிதாகத் துப்பாக்கி வாங்கும் நம்மவர்களோடு சுடுதளத்துக்குப் போய்வருகிறவன் நான். அந்தப் பிடித்தத்தில் பாதி, முதல் மேகசின் தீர்வதற்குள் கழன்றுவிடும். மீதியைத் தினமும் அதை எடுப்பதும் வைப்பதுமான வேலை தின்றுவிடும். வாங்கிய ஆறாவது மாதம் அது அலமாரியில் கிடப்பதற்கும், அதைவிட மோசமாக, வீட்டில் யார் கையிலாவது வெடிப்பதற்கும் காரணம் இந்த எடுப்பும் வைப்பும்தான். அதனால் மற்றதையெல்லாம் சுருக்கிவிட்டு அங்கே நிற்கப்போகிறேன்.

முதலில் சட்டம். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போல ஒன்றிரண்டு விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கும் குடியுரிமை வாங்கியவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. 21 வயது ஆகியிருந்தால் கடையில் 4473 எண் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறி வாங்கலாம். ‘எனக்கு விசா ஒத்துவரல அண்ணா, உங்க பேர்ல ஒண்ணு வாங்கிக் குடுங்க’ என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். 2022-இல் வந்த சட்டப்படி, அப்படி அடுத்தவருக்காக வாங்கித் தருவதற்கு 15 ஆண்டு வரை சிறை.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயதுக்காரர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம். இருந்தாலும் உரிமம் எடுங்கள். பக்கத்து மாநிலங்கள் பலவற்றில் அது செல்லும். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற மத்திய சட்டமும், பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்குத் தருகிறது. பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிற தெருவிலேயே உங்கள் வண்டி அந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

எதை வாங்குவது? 2008-இல் ரூகர் எல்சிபி வந்தபோது ஊரே அதன் பின்னால் ஓடியது. சுமார் 270 கிராம்தான் எடை, ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1908-இல் வந்த .380 தோட்டா. 2012-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு, 2015-இல் கிளாக் 43, 2018-இல் சிக் சாவர் பி365 என்று 9 மி.மீ. பிஸ்டல்கள் அதே பாக்கெட்டை நோக்கிச் சுருங்கிவந்தன. பி365-இல் 3.1 அங்குலக் குழல், மேகசினில் பத்துத் தோட்டா, எடை ஏறக்குறைய அரைக் கிலோ. கடையில் நிற்கும்போது 270 கிராம்தான் மனசைக் கவரும். ஆனால் எடை குறையக் குறைய உதைப்பு முழுக்க உங்கள் மணிக்கட்டுக்கு வரும். என் சட்டம் ஒன்றுதான்: கைப்பிடியில் சுண்டுவிரலுக்கு இடம் இல்லாத துப்பாக்கியை முதல் துப்பாக்கியாக வாங்காதீர்கள். அது பழகியவர்களுக்கான சாமான். வலிக்கிற துப்பாக்கியை யாரும் எடுத்துப் பழகுவதில்லை. பழையது வாங்கினால், தயாரிப்பாளரின் தளத்தில் அதன் வரிசை எண்ணைப் போட்டுப் பாருங்கள். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று எல்சிபியின் முதல் தொகுதிகளை ரூகரே 2008-இல் திரும்ப வாங்கிச் சரிசெய்தது. அப்படித் திரும்பப் போக வேண்டியிருந்தும் போகாத துப்பாக்கி எதுவும் உங்கள் கைக்கு வந்துவிடக் கூடாது.

முதல் நாள் சுடுதளத்தில் ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி, இழுக்க வராது. சின்னப் பிஸ்டலில் ஸ்லைடு இலேசாக இருப்பதால் ஸ்பிரிங்கை இறுக்கமாக வைத்திருப்பார்கள். குற்றம் உங்கள் கையில் இல்லை. ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து முழுக் கையால் கவ்விக்கொண்டு, மறு கையால் கைப்பிடியை முன்னே தள்ளுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவது சுலபம். அப்படிச் செய்யும்போது பிஸ்டல் பக்கவாட்டில் திரும்பி, அடுத்த தடத்தில் நிற்பவரின் விலாவைப் பார்க்கும். இதைச் செய்யாத புது ஆளை நான் பார்த்ததில்லை. குழல் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கட்டும். திரும்ப வேண்டியது உங்கள் உடம்பு. மூன்று அங்குலக் குழலில் இன்னொரு வம்பும் உண்டு: இடது கை விரல் குழல் வாய்க்கு முன்னால் போய்விடுவது. அந்த விரலை எப்போதும் விசை வளையத்துக்குக் கீழே பூட்டி வையுங்கள்.

சாதாரணத் தோட்டா 200, நீங்கள் நிஜமாகவே இடுப்பில் வைக்கப்போகிற விலை கூடிய தோட்டா 50, ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடினால்தான் அந்தத் துப்பாக்கி வெளியே போகத் தகுதியானது. நடுவில் கூடு சிக்கி நின்றால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். மணிக்கட்டுத் தளர்ந்தால் சின்னப் பிஸ்டல் சிக்கும். பிடியை இறுக்கி மறுபடி சுட்டுப் பாருங்கள். பழகிய ஒருவர் கையிலும் கொடுத்துப் பாருங்கள். அவர் கையிலும் சிக்கினால் அப்புறம் கடைக்காரரிடம் போகலாம்.

இனி அந்த எடுப்பு, வைப்பு.

தோட்டாவை இறக்கும் வரிசை இதுதான்: முதலில் மேகசினை வெளியே எடு. பிறகு ஸ்லைடை இழுத்து, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) இருப்பதை வெளியேற்று. ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்தி, சேம்பருக்குள் கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டும் பார். ஒரு குழந்தைகூட ஒப்பித்துவிடும். தடுக்குவது எங்கே தெரியுமா? களைத்துப்போய் வீட்டுக்கு வந்தவர் ஸ்லைடை முதலில் இழுக்கிறார். சேம்பரில் இருந்தது வெளியே குதிக்கிறது. கையை விட்டதும் ஸ்லைடு முன்னே பாய்ந்து மேகசினிலிருந்து அடுத்ததை உள்ளே ஏற்றிவிடுகிறது. பிறகு மேகசினை உருவுகிறார். ஒரு தோட்டா தரையில் கிடக்கிறது, மேகசினும் கையில் இருக்கிறது, ஆகவே காலி என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. ‘மேகசினை எடுத்துட்டேனே அண்ணா, அப்புறம் எப்படி?’ என்று கேட்டவர்கள் உண்டு. மேகசின் இல்லாவிட்டாலும் சேம்பரில் இருப்பது வெடிக்கும். இந்த ரகத்தில் பெரும்பாலானவற்றில் அதைத் தடுக்கும் பூட்டே கிடையாது. பிரித்துத் துடைப்பதற்கு முன் விசையை அழுத்தியாக வேண்டிய வடிவங்களும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் சுவரில் ஓட்டை. சுவருக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

இதற்கு நான் சொல்லும் குறுக்குவழி, இறக்கவே இறக்காதீர்கள் என்பதுதான். காலையும் மாலையும் தோட்டாவை ஏற்றி இறக்குவதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். விபத்துக்கு நாளுக்கு இரண்டு வாய்ப்புத் தருவதுதான் அது. உறையோடு சேர்த்துக் கழற்றுங்கள், உறையோடு பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், காலையில் உறையோடு இடுப்பில் மாட்டுங்கள். விசை மூடியே இருக்கும், விரல் அங்கே போக வழியே இல்லை. துடைக்கவும் பழகவும் மட்டும் உறையிலிருந்து வெளியே வந்தால் போதும்.

அதனால்தான் உறையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள் என்று கத்துகிறேன். விசை வளையம் முழுக்க மூடியிருக்க வேண்டும், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தே நிற்க வேண்டும், பெல்ட்டிலிருந்து ஒரே கிளிப்பில் கழன்று வர வேண்டும். கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த உறை போதும். துணியில் தைத்த மலிவு உறைகள் வாய் சுருங்கிவிடும். துப்பாக்கியை அதற்குள் குத்தித் திணிக்கும்போது மடிந்த துணியே விரலாகி விசையைத் தள்ளும். ஜாக்கெட்டின் இழுகயிறும் அதன் நுனியில் தொங்கும் பிளாஸ்டிக் குமிழும் அப்படி உள்ளே போய் வெடித்திருக்கின்றன. குர்தாவின் ஓரமும் போகும். உறையில் போட்டே ஆக வேண்டிய நேரத்தில் சட்டையை மறு கையால் மார்புவரை தூக்கிப் பிடித்து, குனிந்து பார்த்துக்கொண்டே மெதுவாக இறக்குங்கள். எங்கேயாவது தட்டினால் தள்ளாதீர்கள். வெளியே எடுத்துப் பாருங்கள். உருவுவதில்தான் வேகம் தேவைப்படலாம். உள்ளே போடுவதில் யாருக்கு என்ன அவசரம்? பாக்கெட்டில் வைப்பவருக்கும் உறை கட்டாயம், அந்தப் பாக்கெட்டில் சாவியோ சில்லறையோ கூடாது.

தினமும் ஏற்றி இறக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏற்றினால், அதன் மூக்கு ஒவ்வொரு முறையும் சேம்பர் வாயின் சரிவில் இடித்துக் குண்டு பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சந்தேகம் இருந்தால் பெட்டியிலிருந்து புதுத் தோட்டா ஒன்றை எடுத்து, இரண்டையும் மேசையில் நிற்க வைத்துக் கண் மட்டத்தில் பாருங்கள். பழையது நகக்கண் அளவுக்குக் குட்டையாகத் தெரிந்தாலும் அதைச் சுடக் கூடாது. உள்ளே இடம் குறைந்தால் வெடிப்பின் அழுத்தம் எகிறும். நான் சேம்பருக்குப் போகும் தோட்டாவின் அடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். புள்ளி இருப்பது மறுபடி சேம்பருக்குள் போகாது.

கழிவறை. சிரிக்காதீர்கள். பொதுக் கழிவறைகளில் துப்பாக்கியை மறந்துவிட்டு வருகிறவர்கள் இங்கே சாதாரணம். கழற்றித் தண்ணீர்த் தொட்டி மேல் வைக்காதீர்கள், கதவுக் கொக்கியில் மாட்டாதீர்கள். கால்சட்டை முழங்காலில் இருக்கும்போது துப்பாக்கியும் உறையோடு அதன் மடிப்புக்குள்ளேயே இருக்கட்டும்.

கைப்பையில் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் என்ற ஊரில், கடைக்கு வந்த தாயின் கைப்பைக்குள் இரண்டு வயதுக் குழந்தை கைவிட்டது; அந்த இடத்திலேயே தாய் இறந்தார். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை அது. உடம்பில் இல்லாவிட்டால் பூட்டில் இருக்க வேண்டும், நடுவில் மூன்றாவது இடம் கிடையாது. டெக்சஸில் 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்குத் தோட்டா ஏற்றிய துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக விட்டு, அது அவர் கைக்குப் போய்விட்டால் குற்றம். பொத்தானை அழுத்தித் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி வாங்கிக் கட்டிலோடு கம்பிவடத்தால் பிணையுங்கள், வண்டிக்கும் ஒன்று. இருக்கைக்கு அடியில் விட்டுவிட்டு இரவு தூங்கப் போனால், காலையில் கண்ணாடி உடைந்து கிடக்கும், துப்பாக்கி இருக்காது. வீட்டில் யாராவது மனம் உடைந்து கிடந்தால், பூட்டையும் நம்பாமல், அவர் தேறும்வரை துப்பாக்கியைச் சட்டப்படி வேறொரு இடத்தில் வைத்துவிடுங்கள். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொள்பவர்கள். நம் வீடுகளில் இதைப் பேச மாட்டோம் என்பதால்தான் எழுதுகிறேன்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. ஹூஸ்டன் வேர்வையில் முதலில் துருப்பிடிப்பது குறிபார்க்கும் முனைகளின் திருகும் மேகசின் உடம்பும். மாதம் ஒருமுறை துடைத்து ஒரு சொட்டு எண்ணெய். அதற்கு மேல் ஊற்றினால் பாக்கெட் பஞ்சு அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். உதைப்பு ஸ்பிரிங் பெரிய துப்பாக்கியைவிடச் சின்னதில் சீக்கிரம் தளரும். எத்தனை சுற்றுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், விலையும் அதிகமில்லை. சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். கையில் இருப்பது ஈயம்.

போலீஸ் வண்டியை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்துக் கொடுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வாயால் சொல்லுங்கள், கையால் காட்டாதீர்கள். வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மதுவில் வரும் கடைகளின் வாசலில் சிவப்பில் அந்த எண் போட்ட பலகை இருக்கும். அங்கே உள்ளே கொண்டுபோகக் கூடாது. பலகை எங்கே இருந்தாலும் நின்று படியுங்கள்.

உள்நாட்டு விமானத்தில், தோட்டா இறக்கிய நிலையில், பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள், விமான நிறுவனத்தாரிடம் சொல்லி, ஒப்படைக்கும் சாமானாக மட்டுமே அனுப்பலாம். இந்தியாவுக்குப் போகும்போது துப்பாக்கியை யாரும் எடுத்துப்போக மாட்டார்கள். மறந்துபோன தோட்டாதான் போகும். பையின் ஓர மடிப்பில் உருண்டு கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக, இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்ட வழக்கில் மாட்டியவர்களின் கதை அவ்வப்போது செய்தியில் வருகிறது. சுடுதளத்துக்கு ஒரு பை, ஊருக்கு வேறு பை. இரண்டையும் கலக்காதீர்கள்.