கிரைண்டர் பிடிக்கும் தம்பிமாருக்கு

ஒலுவில் துறைமுகத்திலும் கல்முனை, நிந்தவூர்ப் பட்டறைகளிலும் புதிதாகக் கிரைண்டர் பிடிக்கும் தம்பிமாருக்கு இதை எழுதுகிறேன். 2013 செப்டெம்பரில் திறந்த இந்தத் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்த கதை ஊருக்கே தெரியும். தொழிலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கும் படகையும் உப்புக்காற்று விடுவதில்லை. ஆழ்கடல் படகின் உடம்பு ஃபைபர்தான். ஆனால் சுக்கான் தகடு, வின்ச், இன்ஜின் உட்காரும் சட்டம், கைப்பிடிக் கம்பி எல்லாம் உலோகம். அங்கேதான் உங்கள் வேலை.

1. கடையில் டிஸ்க் கேட்குமுன், தேய்த்த இடத்துக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று யோசியுங்கள். பெயின்ற் வருமென்றால் இரும்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும், பெயின்ற் பிடிக்க அதற்குப் பல் வேண்டும். வெல்டிங் வருமென்றால் கறளும் பெயின்றும் எண்ணெயும் இல்லாத வெறும் உலோகம் போதும். ஒன்றும் பூசாமல் விடும் ஸ்டெயின்லெஸ் என்றால் எவ்வளவு மழமழப்போ அவ்வளவு நல்லது. கோடுகள் ஆழமாக இருந்தால் அவற்றில் உப்புத் தங்கும். கறளைப் பார்த்து டிஸ்க் எடுக்கிறவர்கள்தான் அதிகம். கறள் போன பிறகு வரப்போவதைப் பார்த்து எடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

2. டிஸ்க் வைக்குமுன் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். டிஸ்க் உப்பை எடுக்காது, கறள் தின்ற குழிகளுக்குள் அதை அடைத்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விலையான பெயின்ற் பூசினாலும், உள்ளே இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போட வைக்கும். தேய்த்து முடித்த இரும்புக்கு அன்றைக்கே பிரைமர் பூசுங்கள். நமது கரையில் ஒரு இரவு வெறுமனே விட்டால் விடியும்போது மஞ்சள் படிந்திருக்கும்.

3. டிஸ்க் வகைகளை விளக்கமாகவே சொல்கிறேன், அதிகம் பிழைப்பது இங்கேதான். 6 மில்லிமீற்றர் தடித்த கிரைண்டிங் டிஸ்க், வெல்டிங் மேட்டை இறக்குவதற்கு. அதைத் தகட்டுக் கறளுக்கு வைத்தால் கறளோடு தகடும் போகும், குழி விழும். ஏற்கெனவே மெலிந்த சுக்கான் தகட்டில் இதைச் செய்யவே கூடாது. மடிப்பு மடிப்பாகத் துணி ஒட்டிய ஃபிளாப் டிஸ்க் சாந்தமானது. நம்பர் கூடக் கூட நைசு: பெயின்றுக்கு முன் 40 அல்லது 60, கம்பியை மெருகேற்ற 80, பிறகு 120. நடுப்படியைத் தாண்டாதீர்கள், 40 போட்ட கோட்டை 120 அழிக்காது, டிஸ்க்தான் தேய்ந்து முடியும். பழைய பெயின்றையும் மேல்கறளையும் மட்டும் எடுக்க, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையான நைலோன் டிஸ்க் இருக்கிறது. விலை கூடத்தான், ஆனால் தகட்டைத் தின்னாது. மெல்லிய தகட்டுக்கு அதைத்தான் நான் எடுப்பேன். கம்பித் தூரிகை உதிரும் கறளுக்கு நல்லது. ஆனால் ஒட்டிய கறளை அது பளபளப்பாக்கி விடும். இரும்பு சுத்தமானது போலத் தெரியும், பெயின்ற் பிடிக்காது. தூரிகைக்குப் பிறகு 60 நம்பர் ஒரு சுற்றுப் போடுங்கள்.

4. ஸ்டெயின்லெஸ்ஸுக்குத் தனி டிஸ்க், தனிப் பெட்டி. இரும்பில் ஓடிய டிஸ்க்கையோ தூரிகையையோ அதில் வைத்தால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நாளில் கம்பி முழுக்கச் செம்புள்ளி வரும். கம்பி மட்டம் என்று முதலாளி கடைக்காரரோடு சண்டைக்குப் போவார், குற்றம் டிஸ்க்கில். புதிது வாங்கும்போது இரும்பு, கந்தகம், குளோரின் கலக்காதது என்று அட்டையில் அச்சடித்திருக்கிறதா பாருங்கள். அழுத்தித் தேய்த்து நீலம் பாயவும் விடாதீர்கள். நீலம் பாய்ந்த இடம் கறளுக்குத் திறந்த கதவு.

5. அலுமினியம் மென்மையானது, டிஸ்க்கின் மணிகளுக்கிடையில் அப்பிக்கொள்ளும். அதற்கென்றே பூச்சுப் போட்ட டிஸ்க் வாங்குங்கள், அழுத்தாமல் ஓட்டுங்கள்.

6. டிஸ்க்கில் எழுதியிருக்கும் வேகம் கிரைண்டரின் வேகத்துக்குக் குறையக் கூடாது. 5 அங்குலக் கிரைண்டிங் டிஸ்க் பொதுவாக நிமிடத்துக்கு 12,200 சுற்றுத் தாங்கும், 7 அங்குலம் 8,500தான். கவரைக் கழற்றிவிட்டுச் சின்னக் கிரைண்டரில் பெரிய டிஸ்க் போடுகிறவனுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். வெட்டும் டிஸ்க்கைப் பக்கவாட்டில் சாய்த்துத் தேய்ப்பதும் அதே ஆபத்து; மெல்லிய டிஸ்க் நொறுங்கிப் பறக்கும்.

7. நடு வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருக்கும், பாருங்கள். பிசினால் ஒட்டிய கிரைண்டிங், கட்டிங் டிஸ்க்குக்கு உற்பத்தியிலிருந்து 3 வருடம்தான் கணக்கு. ஈரம் பிசினைக் கெடுக்கும், ஆகவே மாரி காலத்தில் சீமெந்துத் தரையில் போட்டு வைக்காமல் மூடிய பெட்டியில் வையுங்கள்.

8. கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். தீப்பொறி போகும் பக்கத்தில் டீசல், வலை, ஃபைபர்த் தூள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயின்றைக் காய்ந்தபடி தேய்க்கவே வேண்டாம். அதில் செம்பும் வேறு நஞ்சும் இருக்கும், தூள் நேரே நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் ஊற்றி நனைத்துக் கையால் சுரண்டி, விழுந்ததைக் கூட்டி அள்ளிக் கட்டுங்கள். கடலில் தள்ள வேண்டாம். இதற்கு அரை நாள் கூடப் போகும். அந்த அரை நாள் கூலியை வேலை பேசும்போதே முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள்.