பிட்டும் பைட்டும்: இணைய வேகத்தைக் கணக்கிடும் முறை

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று தசம நாணயம் வழக்கிற்கு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கின. பலம், வீசை, படி, மரக்கால் என்று கணக்கிட்டுப் பழகிய மக்கள், சந்தையில் ஏமாறாதிருக்கப் பழைய அளவைப் புதிய அளவாக மாற்றும் முறையைக் கற்றுக்கொண்டனர். இன்று கிராமங்களில் இணையத் தொடர்பை விலை கொடுத்து வாங்குவோரும் அத்தகைய முறையொன்றை அறிந்திருத்தல் நலம். அது கடினமானதன்று, எட்டாம் வாய்பாடு தெரிந்தாற் போதும்.

இரண்டு அளவைகள்

கணிப்பொறிக்கு எல்லாச் செய்தியும் 0, 1 என்னும் இரண்டு குறிகளால் ஆனதே. அத்தகைய குறி ஒன்றிற்குப் 'பிட்' என்று பெயர். ஜான் டூக்கி என்பவர் கூறிய இச்சொல்லை, கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் 1948-இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் எடுத்தாண்டார். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு 'பைட்'. ஆங்கில எழுத்து ஒன்றைச் சேமிக்க ஒரு பைட் போதும். இணையத்தில் இன்று பரவலாக வழங்கும் முறையில், 'அ' என்னும் தமிழ் எழுத்திற்கு மூன்று பைட்டுகள், அதாவது 24 பிட்டுகள், தேவைப்படுகின்றன.

நம்மவர் பலர் இடறுவது இங்கேதான். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வேகத்தைப் பிட் கணக்கிலே சொல்லுகின்றன. படம், பாடம், சான்றிதழ் முதலியவற்றின் பருமனோ பைட் கணக்கிலே குறிக்கப்படுகிறது. பழைய கணக்கில் எட்டுப் படி கொண்டது ஒரு மரக்கால் அன்றோ? விற்பவர் படிக் கணக்குச் சொல்ல, வாங்குபவர் அதனை மரக்கால் என்று எண்ணிக்கொண்டால், எதிர்பார்த்ததில் எட்டில் ஒரு பங்கே கைக்கு வரும். ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது, சிறிய 'பி' எழுத்துப் பிட்டையும், பெரிய 'பி' எழுத்துப் பைட்டையும் குறிக்கும். ஒப்பந்தத்தாளில் இவ்வெழுத்தை உற்றுநோக்குதல் வேண்டும்.

மாற்றும் விதி

வேகத்தைப் பைட்டாக மாற்ற எட்டால் வகுக்க வேண்டும். கோப்பின் பருமனைப் பிட்டாக மாற்ற எட்டால் பெருக்க வேண்டும். கிலோ என்பது ஆயிரம். மெகா என்பது பத்து இலட்சம். ஜிகா என்பது நூறு கோடி.

'அகன்ற அலைவரிசை' எனப்படுதற்குரிய குறைந்த அளவு வேகத்தை இந்திய அரசு 2004-ஆம் ஆண்டின் கொள்கையில் வினாடிக்கு 256 கிலோபிட் என வகுத்தது. அஃதாவது 32 கிலோபைட். 2013-இல் அது 512 கிலோபிட், அதாவது 64 கிலோபைட், ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட், அதாவது 250 கிலோபைட், என உயர்த்தப்பட்டது. ஒரு மெகாபைட் பருமனுள்ள சான்றிதழ், முதல் வேகத்தில் வந்துசேர 31 வினாடிக்கு மேல் ஆகும். மூன்றாவது வேகத்தில் 4 வினாடியே ஆகும்.

அன்றாடக் கணக்குகள்

மாணவி ஒருத்தி 600 மெகாபைட் பருமனுள்ள பாடக் காட்சியை வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இறக்குகிறாள் என்போம். 600-ஐப் பத்தால் வகுத்து, 'ஒரு நிமிடம் போதும்' என்று எண்ணுதல் தவறு. 600-ஐ எட்டால் பெருக்க 4,800 மெகாபிட். இதனைப் பத்தால் வகுக்க 480 வினாடி, அதாவது 8 நிமிடம். அதே இணைப்பை ஐவர் சமமாகப் பகிர்ந்துகொண்டால் 40 நிமிடம் ஆகும்.

ஊராட்சிதோறும் வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் கண்ணாடி இழை வழியே இணைப்பு வழங்குவது பாரத்நெட் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. இது 12.5 மெகாபைட்டுக்குச் சமம். இருபது பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்தினால் ஒருவருக்கு 5 மெகாபிட், அதாவது 625 கிலோபைட், கிடைக்கும். எத்தனை பேர் பயன்படுத்துவர் என்று கணக்கிடாமல் வேகத்தைத் தேர்ந்தெடுப்பது, பாசனப் பரப்பை அறியாமல் வாய்க்கால் வெட்டுவதை ஒக்கும்.

இறக்கும் வேகமும் ஏற்றும் வேகமும் எப்போதும் ஒன்றாயிரா. விண்ணப்பம் அனுப்புவோருக்கு வேண்டியது பின்னதே. ஏற்றும் வேகம் 1 மெகாபிட்டாயின், 5 மெகாபைட் பருமனுள்ள ஆவணங்கள் செல்ல 40 வினாடி ஆகும். கடைசி நாளன்று பத்துப் பேர் ஒன்றாக அனுப்ப முற்பட்டால், ஒவ்வொருவரும் ஏறத்தாழ 7 நிமிடம் காத்திருக்க நேரும். ஆகையால் இறுதி மணி வரை தாமதித்தல் தகாது.

கைப்பேசித் திட்டங்கள் பலவற்றில், அன்றைய பங்கு தீர்ந்தபின் வேகம் 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுகிறது. அது வினாடிக்கு 8 கிலோபைட்டே. அப்போது ஒரு மெகாபைட் வினாத்தாளை இறக்க 125 வினாடி, அதாவது இரண்டு நிமிடத்திற்கு மேல், ஆகும்.

ஓர் எச்சரிக்கை

மேற்கண்டவை குறையேதுமில்லா நிலையில் கிடைக்கும் விடைகள். செய்தியுடன் முகவரி முதலிய குறிப்புகளும் செல்வதால் வேகத்தில் ஒரு பகுதி அவற்றுக்குச் செலவாகும். எனவே, மனக்கணக்கிற்கு எட்டுக்குப் பதிலாகப் பத்தால் வகுத்துக்கொள்வது எளிது. மேலும், சேமிப்பின் அளவைச் சில கணிப்பொறிகள் ஆயிரத்திற்குப் பதிலாக 1,024 என்னும் மடங்கால் கணக்கிடுகின்றன. மெகா அளவில் இவ்வேறுபாடு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே; அதனால் குழப்பமடைய வேண்டுவதில்லை.

பயிற்சி

1. வினாடிக்கு 40 மெகாபிட் என்பது எத்தனை மெகாபைட்?
2. 1 ஜிகாபைட் பங்கு, 8 மெகாபிட் வேகத்தில் இடைவிடாது பயன்படுத்தினால் எவ்வளவு நேரத்தில் தீரும்?

விடை: 1) 5 மெகாபைட். 2) 1,000 வினாடி, அதாவது 16 நிமிடம் 40 வினாடி.

இக்கணக்கை ஊராட்சி உறுப்பினர்களும், நூலகப் பொறுப்பாளர்களும், மாணவர்களும் ஒருமுறை தாமே போட்டுப் பார்ப்பாராக. கடைக்காரர் தராசை நாம் உற்றுப் பார்ப்பது அவர்மீது ஐயங்கொண்டு அன்று. கொடுத்த பணத்திற்குரிய பொருளைப் பெறுவதற்கே. இணையத்திற்கும் அதுவே முறை.