விலை மறுக்கப்பட்ட வீரர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பிரெஞ்சு மண்ணில் பிறந்து, ஆங்கில மன்னருக்காகப் போரிட்டு, பிரெஞ்சுச் சிறையில் மாண்டவர் ழான் தெ கிராயி. 'கப்தால் தெ புக்' என்பது அவருடைய பட்டம். 'கப்தால்' என்றால் தலைவர். 'புக்' என்பது போர்தோ நகருக்கு மேற்கே உள்ள கடலோரப் பகுதி. இவரைத் துரோகி என்பதா, விசுவாசி என்பதா?

விடை காண, 1152ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு அக்கித்தேன் நாட்டுக் கோமகள் எலினார், பின்னர் இங்கிலாந்தின் மன்னரான இரண்டாம் ஹென்றியை மணந்தார். அதன் வழியாகக் காஸ்கனி ஆங்கில மன்னரின் உரிமையாயிற்று. போர்தோவின் திராட்சை மது கப்பல் கப்பலாக இங்கிலாந்து சென்றது. அருகிலிருந்து அதிகாரம் செய்யும் பாரிஸ் மன்னரைவிட, தொலைவிலிருக்கும் இலண்டன் மன்னரே காஸ்கனிப் பிரபுக்கள் பலருக்கு உகந்தவர். எனவே கிராயி தம் பிரபுவுக்கே பணி செய்தார். நாட்டைக் காட்டிக் கொடுக்கவில்லை.

1356இல் புவாத்தியே போர்க்களத்தில் சுமார் 60 கவச வீரர்களுடனும் 100 வில்லாளிகளுடனும் சுற்றிச் சென்று, பிரெஞ்சுப் படையைப் பின்புறமிருந்து தாக்கினார். பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானே சிறைப்பட்டார். 1360ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அவருக்கு விதிக்கப்பட்ட மீட்புத்தொகை 30 இலட்சம் பொற்காசுகள்! சிறைப்பட்ட பிரபுவைக் கொல்லாமல் பணம் பெற்று விடுவிப்பதே அக்கால வழக்கம். உயர்குடிப் பிறப்பே உயிருக்குக் காப்பு.

உழவனுக்கோ அந்த விலை இல்லை. 1358இல் பிரெஞ்சு உழவர்கள் பிரபுக்களை எதிர்த்துக் கிளர்ந்தனர். மோ நகரில் பட்டத்து இளவரசரின் மனைவியும் பிற சீமாட்டிகளும் முற்றுகைக்கு உள்ளாயினர். புருசியாவிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த கிராயி, தம் உறவினரான ஃபுவா பிரபு காஸ்தோனுடன் விரைந்து சென்று அவர்களைக் காத்தார். அவர் காத்தது எதிரி மன்னரின் குடும்பத்தை! கிளர்ச்சியாளர் வெட்டி வீழ்த்தப்பட்டனர், நகரம் தீக்கிரையாயிற்று. இதனை வீரச் செயலாக எழுதியோர் பலர். ஏர் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கு அப்படிப் படித்துவிட்டுப் போக முடியவில்லை. போரில் பகைவரான பிரபுக்கள், உழவன் எழுந்தபோது ஒன்றாகிவிட்டனர்.

1364இல் கோஷ்ரெல் போரில் நவார் மன்னருக்காகப் போரிட்ட கிராயி, பிரெஞ்சுத் தளபதி தியூ கெக்லானிடம் சிறைப்பட்டார். மன்னர் ஐந்தாம் சார்லஸ் அவரை விடுவித்து, நெமூர் என்னும் சீமையையும் அளித்துத் தம் பக்கம் ஈர்க்க முயன்றார். கிராயியோ பின்னர் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆங்கில இளவரசர் எட்வர்டிடமே திரும்பினார்.

1372இல் சூபீசு என்னுமிடத்தில் மீண்டும் பிடிபட்டார். இம்முறை சார்லஸ் மீட்புத்தொகையை ஏற்க மறுத்தார். பிரான்சுக்கு எதிராக இனி ஆயுதம் ஏந்துவதில்லை என்று ஆணையிட்டால் மட்டுமே விடுதலை என்றார். கிராயி இசையவில்லை. 1376இல் பாரிஸ் நகரத் தாம்ப்பிள் கோட்டைச் சிறையிலேயே உயிர் நீத்தார்.

பணத்தால் வாங்கவோ விற்கவோ முடியாத சொல்லுறுதி அவருடையது. அதனை நான் வணங்குகிறேன். ஆயினும் அவ்வுறுதி பிரபுவுக்கும் பிரபுவுக்கும் இடையே மட்டும் நின்றது. மோ நகரில் மாண்ட உழவனையும் ஒரு தட்டில் வைத்தே அவர் புகழை நிறுக்க வேண்டும் என்பது என் கருத்து.