கூலி வேலையா, சொந்தச் சரக்கா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் வேரூன்றச் செய்த தாராவியின் தோல் தொழில், பதனிடும் தொட்டிகள் அங்கிருந்து அகன்ற பின்னும், சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வரும் தோலைப் பையாகவும் பெல்ட்டாகவும் தைத்து ஜீவித்து வருகிறது. 2015-இல் காளை, எருதுகளுக்கும் விரிந்த மாட்டுவதைத் தடை, 2016 நவம்பரின் பணமதிப்பிழப்பு, 2017 ஜூலையின் ஜி.எஸ்.டி., 2020-இன் ஊரடங்கு, 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள்மீது அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்திய வரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த மாற்றங்களில் எதையும் சிறு பட்டறைக்காரர் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. ஆகையால், போட்ட முதல் எவ்வளவு சீக்கிரம் கைக்குத் திரும்பும் என்ற ஒரே கேள்வியைக் கொண்டு தம் முன்னுள்ள வழிகளை அவர் சீர்தூக்கிப் பார்ப்பதே விவேகம்.

முதல் வழி, கூலிக்குத் தைப்பது. ஆர்டர் கொடுப்பவரே தோலும் ஜிப்பும் உள்துணியும் அனுப்பிவிடுவதால், தோல் விலையின் ஏற்ற இறக்கம் நம்மைத் தீண்டாது. ஆனால் ஆர்டர் நின்ற மாதத்தில் மிஷின் ஓய்ந்தாலும் வாடகை ஓயாது. தோலிலுள்ள தழும்பையும் உண்ணி கடித்த புள்ளியையும் கவனியாமல் காரிகர் கத்தி வைத்துவிட்டால், வீணான துண்டின் விலை கூலியில் பிடித்தமாகும். பணம் இழுபறியாகாதிருக்க, உத்யம் பதிவும் எழுத்து மூலமான ஒப்பந்தமும் அவசியம். சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவணை கடந்த பாக்கியை, கொடுத்துத் தீர்க்கும்வரை வாங்குபவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நமக்குத் துணையாக இருக்கிறது.

இரண்டாவது வழி, சொந்தச் சரக்கு. சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையின் கடைகளுக்கோ, தீபாவளிக்குப் பரிசளிக்கும் கம்பெனிகளுக்கோ நேரே விற்றால் லாபம் முழுவதும் நமதே. எனினும் சீசன் தப்பிய நிறத்தில் வாங்கிய தோல் அட்டத்தில் கிடக்குமளவும் முதலும் அங்கேயே முடங்கிக் கிடக்கும். வரியிலும் இங்கே ஒரு தேர்வு உண்டு. ஒன்றரைக் கோடிக்கு உட்பட்ட விற்பனையுள்ள உற்பத்தியாளர் காம்போசிஷன் முறையில் 1 சதவீதம் செலுத்திக் கணக்குச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது, வாங்குபவருக்கு வரி வரவும் கிடைக்காது. ஆதலின் சில்லறைக்கு விற்பவருக்குக் காம்போசிஷனும், கம்பெனி ஆர்டரை நம்புபவருக்குச் சாதாரணப் பதிவும் பொருந்தும்.

மூன்று மாத வாடகைக்கும் சம்பளத்துக்கும் போதிய கையிருப்பு இல்லாதவர் கூலி வேலையையே, ஆனால் ஒரே பார்ட்டியை நம்பாமல், மேற்கொள்ளட்டும். இருப்பவர் கூலியால் வாடகையை ஈட்டி, உபரியில் மட்டும் சொந்தச் சரக்கு போடட்டும். முழுவதும் சொந்தச் சரக்கில் இறங்குவது, நிலையான வாடிக்கை உள்ளவருக்கே உகந்தது.

எந்த வழியிலும் கட்டடத்தில் பணம் புதைக்க இது தருணமன்று. 2022-இல் அதானி குழுமத்தின் வசமான மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்னிருந்து வரும் தரைத்தள இடத்துக்கும் மற்றவற்றுக்கும் உரிமை வேறுபடுவதால், மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர் பெயர்த்தெடுக்கக்கூடிய மிஷினில் மட்டும் செலவிட்டு, குமாஸ்தா லைசென்ஸ், மின் கட்டண ரசீது, வாடகைச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது நலம்.

இத்தனைக்கும் மேலான முதல், தோலின் ஓரத்தை விரலால் தடவியே கனம் அறிந்து சீவும் காரிகரின் கை. அவர் ஒருமுறை ஊருக்குத் திரும்பிவிட்டால் எந்தக் கடனும் அவரை மீட்டுத் தராது. ஆகவே மந்தமான மாதத்தில் லாபத்தைத் துறந்தேனும் அவர் சம்பளத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும்.