தேன்: ஒரு லிட்டர் ஒரு கிலோ ஆகாது

சிறுமலை அடிவாரத்திலும் திண்டுக்கல் சமவெளியிலும் தோப்புகளில் தேனீப் பெட்டி வைத்திருப்போர் பலர், தேனை லிட்டரில் அளந்து கிலோ விலைக்குக் கொடுத்து விடுகின்றனர். இதனால் எவ்வளவு நட்டம் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. நன்கு முதிர்ந்த தேனோ லிட்டருக்குச் சுமார் 1.4 கிலோ நிற்கும். பத்து லிட்டர் கேன் நிறையத் தேன் இருந்தால் அது 14 கிலோ. கிலோ 400 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், பத்து கிலோவாகக் கணக்கிட்டு விற்பவர் 1,600 ரூபாயை இழக்கிறார்.

வீட்டுச் சமையலிலும் இதே தவறு நேருகிறது. ஒரு கிலோ நெல்லிக்கு ஒரு கிலோ தேன் என்று ஒரு செய்முறை கூறினால், 715 மில்லி ஊற்றினால் போதும். செயல்விளக்கம் ஒன்றில் நானே முழு லிட்டரை ஊற்றி விட்டேன். பயிற்சிக்கு வந்திருந்த ஓர் அம்மையார்தான் தவற்றைக் கண்டுபிடித்தார்! 5 மில்லி தேக்கரண்டியில் 7 கிராம் தேன் பிடிக்கும்.

உங்கள் தேனின் எடையை நீங்களே அறியலாம். உலர்ந்த பாட்டில் ஒன்றை நிறுத்துக் கொள்ளுங்கள். 400 கிராம் என்க. கழுத்தில் கோடிட்டு, அதுவரை தண்ணீர் ஊற்றி நிறுங்கள். 1,150 கிராம் என்றால் தண்ணீர் 750 கிராம். பாட்டிலை ஈரமின்றிக் காயவைத்து, அதே கோடு வரை தேன் ஊற்றுங்கள். நுரை அடங்கிய பின்பே நிறுக்க வேண்டும். இப்போது 1,450 கிராம் காட்டினால் தேன் 1,050 கிராம். அதை 750-ஆல் வகுக்க, 1.4 கிடைக்கும்.

விடை 1.37-க்குக் கீழே வந்தால் தேனில் நீர் மிகுந்துள்ளது. மூடப்படாத அறைகளிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். அத்தகைய தேன் விரைவில் நொதித்துப் புளிக்கும். ஆனால் 1.4 வந்ததாலேயே கலப்படமற்றது என்று எண்ணி விடாதீர்கள். சர்க்கரைப் பாகையும் அந்த அளவுக்குக் கெட்டியாக்க இயலும்.

பாகின் எடை அதன் பதத்தைப் பொறுத்தது. நூற்றுக்கு 50 பங்கு சர்க்கரையுள்ள பாகு லிட்டருக்குச் சுமார் 1.23 கிலோவும், 65 பங்குள்ளது சுமார் 1.3 கிலோவும் இருக்கும். பதநீர் தண்ணீரைவிடச் சிறிதளவே கனமானது. வெல்லப் பாகுக்குப் பொதுக் கணக்கு எதுவும் உதவாது. ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்தே சேர்க்கவும்.