லேபிள் படம் யாருக்குச் சொந்தம்?



முருங்கை இலைப் பொடி, சாம்பார் பொடி என்று குழுவில் பாக்கெட் போட ஆரம்பித்ததும் அடுத்த வேலை லேபிள். கீரனூரோ பழனியோ, டிடிபி சென்டர்ல போய் நின்றால் கூகுள்ல தேடி பளிச்சுனு ஒரு படத்தை எடுத்து ஒட்டிக் கொடுத்துடறாங்க. "நெட்டுல சும்மா கிடக்கிறதுதானே" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

சும்மா கிடக்கலை. அதை எடுத்தவர் ஒருத்தர் இருக்கார். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட் என்கிறோமே, அதுதான்) போட்டோவுக்கும் உண்டு. எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை, எடுத்ததுமே உரிமை வந்துவிடும். தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் கோர்ட் குறைக்கலாம். நாமோ விற்கத்தானே போடுகிறோம்! பாக்கெட்டில் இருப்பதும் டிடிபிக்காரர் பெயர் இல்லை, குழுவின் பெயர்.

நம்ம பொடியை நாமே செல்போனில் எடுப்பதுதான் நல்லது. காலை வெயில் ஏறுமுன் திண்ணையில் வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் நாலு முருங்கை இணுக்கு வைத்து எடுத்தால் போதும். ஸ்டுடியோவில் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை எடுக்கச் சொன்னவருக்கே (பிரிவு 17). அதனால் ரசீதைக் குழு பெயரில் வாங்குங்கள்.

முடியாதவர்கள் விக்கிமீடியா காமன்ஸில் தேடலாம். தமிழ் விக்கிப்பீடியா 2011-12ல் நடத்திய ஊடகப் போட்டிக்கு வந்த படங்களும் அங்கே இருக்கு. காசு கிடையாது. ஆனால் படத்துக்குக் கீழே உரிமம் எழுதியிருக்கும், அதைப் படிக்கணும். பெரும்பாலும் எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் லேபிள் ஓரத்தில் போடச் சொல்லும். மற்ற தளங்களில் 'வணிகத்துக்கு அல்ல' என்றிருந்தால் நமக்கு ஆகாது.

நடிகர் படம் வேண்டவே வேண்டாம். தன் பெயரை வைத்து எடுத்த இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் போட்ட வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2015ல் அவர் பக்கம்தான் தீர்ப்பளித்தது. காந்தி படத்தை வியாபாரத்துக்குப் போட 1950-ம் வருடச் சட்டப்படி மத்திய அரசு அனுமதி வேணும்.

ஆயிரம் லேபிளுக்கு ஆர்டர் கொடுக்குமுன் படம் எங்கிருந்து வந்தது, யார் எடுத்தது என்று தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் மாதிரி லேபிளைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.